இடது பக்கக் காவல்

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
18 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணைக்கு,

தம்பி அருள்நாயகம் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான், எமில்டா, பிள்ளைகள் கிளிபோட், ஷாமிலா எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் இருமல் விட்டதா? மச்சாளுக்குக் கண் தெளிவாகத் தெரிகிறதா?

உங்களுக்குக் காது கேளாமல் போனபிறகு போன் உதவவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறேன் என்று கோபிக்கிறீர்கள். ஆகவே கேட்டபடி தாளில் எழுதுகிறேன்.

கிளிபோட் என்னதான் விளையாடுகிறான் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் பேசாலையில் விளையாடிய உதைபந்தாட்டம் அல்ல. இங்கே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதையும் எறிவதையும்தான் ஃபுட்போல் என்கிறார்கள். குவாட்டர்பாக் என்று ஒருவன் இருப்பான். பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது என்று அவன் பார்த்து முடிவெடுக்கும்வரை, எதிரிகள் அவன்மேல் விழாமல் தடுப்பதற்கு முன்னால் ஐந்து தடியன்கள் நிற்பார்கள். அதில் இடது ஓரத்தில் நிற்பவன் நம்முடைய கிளிபோட். வலது கையால் எறிகிறவனுக்கு இடது பக்கம் முதுகுப் பக்கம். அங்கிருந்து வருகிறவனை அவன் காணமாட்டான். அதனால் அந்த இடத்துக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும்.

இப்போது இங்கே ஒரே பேச்சு, கிளிபோட்டின் அணியான ஹெரன்ஸ், கோல்பி ரீஸ் என்ற குவாட்டர்பாக்குக்கு லீக்கிலேயே மிகப் பெரிய சம்பளம் எழுதிக் கொடுத்துவிட்டது. கிளிபோட்டுடையதைப் போல நாலு மடங்கு. ஆட்டக்காரர் எல்லோருக்கும் சேர்த்து ஓர் அணி இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று லீக் வரம்பு வைத்திருக்கிறது. ஒருவனுக்குக் கூட்டினால் வேறு எவனுக்கோ குறையும். அணி கெட்டுப்போகும் என்று ரேடியோவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கெட்டிக்காரனுக்குக் கொடுக்கத்தானே வேண்டும்.

அஜக்ஸில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். நானும் கிளிபோட்டும் சேர்ந்து வாங்குவதாக யோசனை. பின்வளவு பெரியது. எமில்டா இப்போதே முருங்கை நடும் இடத்தைக் காட்டிவிட்டாள். பனியில் முருங்கை வராது என்று சொன்னால் கேட்கிறாளில்லை.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
அருள்


பேசாலை, மன்னார்
12 மார்ச் 2024

அன்புள்ள தம்பி அருளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். இருமல் பகலில் இல்லை. மச்சாள் இப்போது ஊசியில் தானே நூல் கோர்க்கிறாள்.

நீ எழுதிய விளையாட்டை மூன்று தரம் வாசித்து விளங்கிக்கொண்டேன். ஆனால் சம்பள விஷயத்தில் ரேடியோக்காரர் பக்கம்தான் நான். எங்கள் கோயில் பங்கின் உதைபந்தாட்டக் கழகத்துக்கு இன்னும் நான்தான் பொருளாளர் என்று உனக்குத் தெரியும். போன வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு முன்கள ஆட்டக்காரனை ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டிவந்தோம். நல்ல பெடியன், காலில் பந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். அதுவரைக்கும் எங்கள் பெடியள் சும்மாதான் விளையாடினார்கள். இவன் வந்த அடுத்த கிழமையே ஒருவன் பஸ் காசு கேட்டான், ஒருவன் சப்பாத்துக் கேட்டான். பிறகு ஒருவரும் கேட்கவில்லை. பந்தை அவனிடம் கொடுத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். காசு வாங்குகிறவன் ஓடட்டும் என்று. அவனைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

கோல்பிக்குக் கூட்டினதால் யாருக்குக் குறைந்தது என்று நீ எழுதவில்லை. கிளிபோட்டுக்கு என்ன? வீட்டு அலுவல் முடிந்ததா? படம் அனுப்பு.

எமில்டாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஆசீர்.

அண்ணன்,
சூசைதாசன்


வெக்ஸ்போர்ட்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

உயிர்ப்பு விழா இங்கே குளிரோடு போனது. எல்லோரும் சுகம். உங்கள் இருமல் இரவில் மட்டும் வருகிறதென்றால் தலையணையை உயர்த்திப் பாருங்கள்.

நீங்கள் சொன்ன முன்கள ஆட்டக்காரன் கதை எனக்கு ஏற்கவில்லை. பிழை அவனிலா, இடுப்பில் கை வைத்து நின்றவர்களிலா? கோல்பியை ஹெரன்ஸ் விட்டிருந்தால் மற்ற எட்டு அணியும் வரிசையில் நின்றிருக்கும். அவன் எறிகிற எறி உங்களுக்குத் தெரியாது. நாற்பது யார்ட் தூரத்தில் ஓடுகிறவனின் உள்ளங்கையில் கொண்டுபோய் வைப்பான். போன வருடம் கடைசி ஆட்டத்தில் இரண்டு பேர் காலில் தொங்கிக்கொண்டிருக்க எறிந்தான். கோபம் வந்தாலும் குரல் உயர்த்தமாட்டானாம். அப்பா இல்லாமல் வளர்ந்தவன். இவ்வளவும் அவனைப் பற்றிப் பத்திரிகையில் வந்தது.

அஜக்ஸ் வீடு சரிவரவில்லை. வட்டி கூடிவிட்டது. இங்கேயே இருப்பது எனக்கும் வசதி, பஸ் டிப்போ பக்கத்தில். கிளிபோட் பயிற்சி மைதானத்துக்குக் கிட்டவாக அறை எடுத்துப் போய்விட்டான். ஷாமிலாவுக்கு விட்பியில் வேலை கிடைத்திருக்கிறது. காலையில் ரயிலில் போய்வருகிறாள்.

எமில்டா சுகம் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

உங்கள் தம்பி,
அருள்


பேசாலை
9 மே 2024

அன்புள்ள அருளுக்கு,

இங்கே மழையில்லை, கிணறு இறங்கிவிட்டது. மற்றப்படி குறையொன்றும் இல்லை. தலையணையை உயர்த்தினேன், கழுத்து நோகிறது.

உன் கடிதத்தில் கோல்பியைப் பற்றி ஒரு பந்தி நிறைய எழுதியிருக்கிறாய். அவனுக்கு அப்பா இல்லை என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். கிளிபோட்டைப் பற்றி ஒரு வரி. அதுவும் அறை எடுத்துப் போனான் என்று. கலியாணம் முடிக்கும்வரை அம்மாவின் சோற்றை விட்டுப் போகமாட்டேன் என்று சொன்ன பிள்ளை அவன். இங்கே வந்திருந்தபோது என் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு சொன்னான்.

வட்டி கூடினால் கூடினபடி எழுது. வேறு ஏதும் கூடியிருந்தால் அதையும் எழுது. நான் யாருக்குச் சொல்லப்போகிறேன், மற்றவர்கள் சொல்வதே எனக்குக் கேட்காது.

அண்ணன்,
சூசை


வெக்ஸ்போர்ட்
30 ஜூன் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

பிந்தி எழுதுவதற்குக் குறை நினைக்க வேண்டாம். உடம்பெல்லாம் சுகம். இங்கே வெயில் தொடங்கிவிட்டது.

நீங்கள் கேட்டபடியால் எழுதுகிறேன். கோல்பிக்கு அந்தச் சம்பளம் எழுதின கையோடு கிளிபோட் தன்னுடைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு கையெழுத்து வைத்துவிட்டான். எனக்குச் சொல்லவில்லை. வங்கிக்காரன் அவனுடைய வருமானக் கடிதத்தை மேசையில் வைத்துக் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது.   வீட்டுக்கு வந்துதான் கேட்டேன்.

“எவ்வளவு குறைஞ்சு போச்சுது?” என்றேன். சொன்னான். “அவன் ராசா மாதிரி இருக்க நீ அடி வாங்கிறதும் பத்தாதெண்டு காசையும் குடுக்கிறியோ? அவன்ர வேலைக்காரனோ நீ?” என்று கேட்டேன். இன்னும் சில சொன்னேன். எமில்டா குசினியிலிருந்து வெளியே வரவில்லை. அவன் எழும்பிப் போய் ஒரு பையில் உடுப்பை வைத்தான். போகும்போது வாசலில் நின்று தாய்க்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

கிழமைக்கு ஆறு நாள் வேலை செய்து இந்தப் பிள்ளைகளை வளர்த்தவன் நான். உழைப்பைக் குறைத்துக் கொடுக்க நான் பழக்கவில்லை.

ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. முதல் நாலில் மூன்று தோல்வி. நேற்றுத் தோற்றபோது எமில்டாவிடம் இன்னொரு தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தேன். நல்லாயிருந்தது. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

மச்சாளுக்கு அன்பு.

தம்பி,
அருள்


பேசாலை
25 ஜூலை 2024

அன்புள்ள தம்பி,

மடுத் திருவிழாவுக்குப் போக ஆயத்தம் நடக்கிறது. சுகமாக இருக்கிறோம். உன் கடிதத்தை மச்சாளுக்கு வாசித்துக் காட்டவில்லை. கிளிபோட்டுக்கு அவள் ஒரு செபமாலை வாங்கி வைத்திருக்கிறாள், அந்த நேரத்தில் வேண்டாம் என்று நினைத்தேன்.

எவ்வளவு போனது என்று கேட்டாய். எதற்காகப் போனது என்று கேட்டாயா? உன் கடிதத்தில் அது இல்லை. நீ கேட்டு, எழுத மறந்திருந்தால் எழுது. கேட்கவில்லையென்றால் கடதாசியை வீணாக்காமல் அவனுக்கே போனை எடு. உனக்குக் காது கேட்கிறது.

நான் சம்பள விஷயத்தில் உன்னோடு தர்க்கம் செய்ததை வைத்துக் கோபிக்காதே. அது விளையாட்டுக் கதை.

அண்ணன்,
சூசை


பேசாலை
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அருள்,

ஜூலைக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இங்கே தேர்தல் நடந்து முடிந்தது. இருமல் போய்விட்டது. மச்சாள் உன் சுகம் கேட்கிறாள். பிந்தினாலும் நல்லபடி இருப்பான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஷாமிலா எங்கள் பிள்ளைக்குப் போனில் செய்தி அனுப்பியிருக்கிறாள். கிளிபோட்டுக்கு முழங்காலில் அடி என்று மட்டும் இருக்கிறது. எந்த முழங்கால், நடக்கிறானா, எங்கே இருக்கிறான், ஒன்றும் இல்லை.

நீ இரண்டு வரி போட்டாலும் போதும்.

சூசை


வெக்ஸ்போர்ட்
22 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களுக்கும் மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் கிறிஸ்து பிறப்பின் சமாதானம். இங்கே தபால்காரர் வேலைநிறுத்தம். ஒரு கடிதமும் போகவில்லை, வரவில்லை. அதனால்தான் எழுத முடியாமல் போனது. இப்போது திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள்.

கிளிபோட் சுகம். இடது முழங்கால். எலும்பு முறியவில்லை, சவ்வு கிழிந்தது. வெட்டத் தேவையில்லை என்றார்கள். நடக்கிறான். எங்களோடுதான் இருக்கிறான்.

நடந்தது செப்டம்பரில். நான் வேலையில். லோறன்ஸ் வீதியில் பஸ்ஸை நிறுத்திச் சனம் ஏறிக்கொண்டிருக்கும்போது ஷாமிலா போன் எடுத்தாள். பிறகும் கடைசித் தரிப்புவரை ஓட்டினேன். எத்தனை பேர் ஏறினார்கள், இறங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. கிளிபோட்டுக்குப் பக்கத்தில் முன்பு நின்ற அனுபவக்காரனை இந்த வருடம் செலவு குறைக்க அணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு புதுப் பெடியன். அவன் பின்னால் தள்ளப்பட்டு வந்து கிளிபோட்டின் காலில் விழுந்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியிலிருந்து எமில்டா அவனை நேரே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். என்னிடம் கேட்கவில்லை. படியேற நான் தோள் கொடுத்தேன்.  பத்துப் பன்னிரண்டு நாள் போனது. “சாப்பிட்டியோ”, “ஓம்”, அவ்வளவுதான்.

பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து இருக்கிறோம், கோல்பி ரீஸ் வந்தான். ரிவியில் பார்த்ததைவிடச் சின்ன ஆள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். எமில்டா புட்டும் மீன்குழம்பும் கொடுத்தாள். உறைப்பில் கண் சிவந்தது, ஆனாலும் முழுவதும் சாப்பிட்டான். அவர்கள் அந்நேரம் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தார்கள்; பத்திரிகை எல்லாம் அவன் சம்பளம்தான் காரணம் என்று எழுதியது. நான் அவனிடம் நேரே கேட்டேன், என்னுடைய மகன் உனக்காகச் சம்பளத்தைக் குறைத்தது உனக்குத் தெரியுமா என்று. கிளிபோட் “அப்பா” என்றான். நான் நிறுத்தவில்லை.

கோல்பி கரண்டியை வைத்தான். “எனக்காக இல்லை அங்கிள்,” என்றான். அங்கிள் என்று கிளிபோட்டின் கூட்டாளிகளிடம் பழகியிருப்பான். “ஜமாலுக்காக. உங்களுக்குத் தெரியாதோ?”

ஜமால் வலது ஓரத்தில் நிற்பவன். கிளிபோட்டும் அவனும் ஐந்து வருடமாக இரண்டு கரையிலும் நின்றவர்கள். கோல்பிக்குக் கூட்டினதும் ஜமாலை அணியிலிருந்து நிறுத்துவது என்று நிர்வாகத்தின் கந்தோரில் முடிவாகியிருந்ததாம். கிளிபோட் தானாகப் போய், என்னுடையதில் எடுத்துக்கொண்டு அவனை வைத்திருங்கள் என்று சொல்லியிருக்கிறான். வைத்திருந்தார்கள்.

“அப்ப நீ? நீ ஏன் குறைக்கேல்லை?” என்று கேட்டேன்.

 “என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் குறைச்சிருப்பனோ, அதுவும் தெரியாது,” என்றான். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஆளில் எனக்குக் கோபம் வரவில்லை.

அவன் போனபிறகு கிளிபோட்டிடம் கேட்டேன், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று. கதிரையில் காலை நீட்டி வைத்துக்கொண்டிருந்தான். “நீங்க கேக்கேல்லை அப்பா. எவ்வளவு எண்டுதான் கேட்டீங்கள்,” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீங்கள் ஜூலையில் எழுதினதும் அதுதான். அந்தக் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன்.

புது வருட ஆசீரைக் கேட்கும்,
தம்பி அருள்


பேசாலை
18 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி அருளுக்கு,

கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. மச்சாளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். செபமாலையை இத்துடன் வைக்கிறேன், கிளிபோட்டிடம் கொடு.

உங்கள் தபால் வேலைநிறுத்தம் நவம்பர் நடுவில் தொடங்கியதாக இங்கே பேப்பரில் இருந்தது. அதற்கு முந்தின மாதங்களைப் பற்றி நான் கேட்கவில்லை.

நானும் ஒன்று எழுதாமல் விட்டேன். அந்த யாழ்ப்பாணப் பெடியனை அனுப்பின பிறகு எங்கள் கழகம் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. மற்றவர்கள் ஓடத் தொடங்குவார்கள் என்று நினைத்தோம். அவர்கள் இப்போது பந்தையும் கொடுக்கிறதில்லை, இடுப்பிலிருந்து கையையும் எடுக்கிறதில்லை. போன கிழமைக் கூட்டத்தில் அவனைத் திரும்பக் கூப்பிடுவோமோ என்று ஒருவன் என் காதுக்குள் கத்திக் கேட்டான். நான் காது கேளாதது போல் இருந்தேன். எனக்கு அது சுலபம்.

ஆகவே உன்னுடைய பக்கமும் சரி, என்னுடைய பக்கமும் சரி என்று சொல்லமாட்டேன். எது சரியென்று தெரியவில்லை. கிளிபோட்டுக்கு இனி என்ன? திரும்ப எடுப்பார்களா?

எமில்டாவுக்கும் ஷாமிலாவுக்கும் ஆசீர்.

அண்ணன்,
சூசை


சஸ்கற்றூன்
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

ஊர்ப் பெயரைப் பார்த்து யோசிக்க வேண்டாம். நான் சுகம். எமில்டாவும் ஷாமிலாவும் வெக்ஸ்போர்ட்டில் சுகம். இது கனடாவின் நடுவில், மரமில்லாத வெளி. குளிர் என்றால் இதுதான் குளிர். மூக்குக்குள் இருப்பதெல்லாம் உறைகிறது. உங்களுக்கு இருமல் வராமல் இருப்பது நல்லது, இங்கே வந்திருந்தால் செத்திருப்பீர்கள்.

கிளிபோட்டின் ஒப்பந்தம் பெப்ரவரியில் முடிந்தது. ஹெரன்ஸ், முழங்காலைக் காட்டி, இன்னும் குறைத்தால் வைத்திருக்கலாம் என்றது. அவன் என்னிடம் வந்து, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டான். முதல் தடவை கேட்கிறான். நான் சொல்ல நினைத்ததைச் சொல்லாமல், உனக்கு என்ன விருப்பம் என்று கேட்டேன்.  “எனக்கு இந்த முறை முழுசா வேணும் அப்பா,” என்றான். முழுசாக வாங்கு என்று ஜமாலும் சொன்னானாம்.

இங்குள்ள அணியின் வைத்தியர்கள் காலைப் பார்த்துத் திருப்திப்பட்டு, லீக்கில் முன்வரிசைக்காரன் எவனுக்கும் கொடுக்காத சம்பளத்தைக் கொடுத்தார்கள். ரேடியோவில் அவனுடைய பெயர் வந்தது. ஒரு தடியனுக்கு இவ்வளவு கொடுத்தால் அணி கெட்டுப்போகும் என்று ஒருவன் சொன்னான். நான் ரேடியோவை நிறுத்தினேன்.

மூன்று நாள் வானை ஓட்டிக்கொண்டு வந்தோம். இரண்டு பேரும் மாறி மாறி. பெரிய ஏரிக்கரை முழுவதும் பனி. வழியில் நல்லாய்க் கதைத்தோம். அதைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன். மச்சாளின் செபமாலையை வானின் கண்ணாடியில் கட்டியிருந்தான்.

அணிக்காரர் ஒரு வீடு ஒழுங்கு செய்திருந்தார்கள். வந்து பார்த்தால் அங்கே ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான், டேரன் என்று பெயர். அவனும் இதே அணியில் இடது ஓரத்தில் நின்றவன். கிளிபோட்டுக்குக் கொடுப்பதற்காக அவனையும் வேறு இரண்டு பேரையும் நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தான். நாங்கள் ஒரு நாள் முந்தி வந்துவிட்டோம். மனைவியும் பிள்ளைகளும் முதலே தாய்வீட்டுக்குப் போய்விட்டார்களாம்.

எங்களுக்கு உள்ளே போவதா, வானுக்குள் இருப்பதா என்று தெரியவில்லை. அவனே கூப்பிட்டான். அடுப்பில் எந்தக் குமிழ் வேலை செய்யாது என்று காட்டினான். இங்கே இரவில் காரின் எஞ்சின் உறையாமல் மின்சாரத்தில் மாட்டி வைக்க வேண்டும். அந்த வயரையும் கிளிபோட்டிடம் கொடுத்து, எங்கே மாட்டுவது என்று குனிந்து காட்டினான். எமில்டா கட்டித் தந்த பயற்றம் பணியாரத்தை நான் எடுத்து நீட்டினேன். இரண்டு சாப்பிட்டான். என்ன மாவு என்று கேட்டான். சொன்னேன்.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கோபமில்லையா என்று கேட்டுவிட்டேன். கிளிபோட் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“உங்கட மகன் என்னைவிடக் கெட்டிக்காரன். அது எனக்குத் தெரியும், அவன்ர ஆட்டப் படமெல்லாம் போட்டுப் பாத்தனான்,” என்றான் டேரன். “என்ர மனுசிக்கு அதை எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை.”

அண்ணை, ஒரு வருடமாக இந்த விஷயத்தில் உங்களோடு தர்க்கம் செய்திருக்கிறேன். அந்த மனிதனிடம் மிச்சப் பணியாரத்தை, பிள்ளைகளுக்கு என்று சொல்லிக் கொடுத்தேன்.

கடைசியாக அவனுடைய சோபா ஒன்றுதான் மிச்சம். பெரியது, அவனுடைய உடம்புக்கு வாங்கினது. ஆள் கூப்பிட்டிருக்கிறேன், நாளைக்கு வருவார்கள் என்றான். கிளிபோட் ஜக்கெற்றைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு ஒரு பக்கத்தில் போய் நின்றான். டேரன் மற்றப் பக்கம். முழங்கால் என்று நான் சொல்ல வாயெடுத்தேன், விட்டுவிட்டேன். வாசல் ஒடுக்கம், படியில் பனிக்கட்டி. திருப்பு, இறக்கு என்று ஒருவனும் சொல்லவில்லை. ஒருவன் தோளைச் சரித்ததும் மற்றவன் காலை மாற்றினான். சுவரில் எங்கும் முட்டாமல் வெளியே கொண்டுவந்தார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. புதன்கிழமை விமானத்தில் திரும்பிப் போகிறேன்.

உங்கள் தம்பி,
அருள்